மண் றோட்டுக்கு எந்த மோட்டார் சைக்கிள்?



கடந்த இதழ்களில் லைசென்ஸ் எடுப்பது பற்றியும் பாவித்த கார் வாங்குவது பற்றியும் எழுதியிருந்தேன். இம்முறை மோட்டார் சைக்கிள். அதிலும் தார் றோட்டிலும் மண் றோட்டிலும் ஓடக்கூடிய வகை. இதனை இந்த நாட்டவர் டிரெயில் பைக் என்பார்கள். கொஞ்சம் பெரிதாகவும் விலை கூடியதாகவும் இருந்தால் அட்வெஞ்சர் பைக் என்பார்கள்.

இதை எழுதுவதற்கு இரண்டு காரணங்கள். என்னுடைய பழைய சுசூக்கி டீ.ஆர். 650 எண்ணெய் குடிக்கத் தொடங்கிவிட்டது. எஞ்சினைப் பிரித்துச் செய்வதற்கு மெக்கானிக் சொன்ன கணக்கு வண்டியின் பெறுமதியை விடக் கூட. ஆகவே அதற்குப் பதிலாக இன்னொன்று வாங்குவதற்காக நான்கு மாதம் தேடித் திரிந்தேன். மற்றக் காரணம், மில்டுறா, ஷெப்பர்ட்டன், கிறிபித் பக்கங்களில் தோட்ட வேலைக்குப் போயிருக்கும் சிலர் கேட்ட கேள்வி. "அண்ணை, இஞ்சை பஸ்ஸும் இல்லை, தோட்டத்துக்குப் போற பாதை முழுக்கக் கிறவல், எந்தப் பைக்கை வாங்குறது?"

மோட்டார் சைக்கிள் பொடியளின் விளையாட்டு என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பப் போகும் அம்மாமார் கொஞ்சம் பொறுங்கள். வீட்டில் ஒருவர் இதை வாங்கப் போகிறார் என்றால், எதை வாங்குகிறார் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். எங்களில் பலர் ஏஜென்சி மூலம் கசுவல் வேலை செய்பவர்கள். கசுவல் என்றால் சம்பளத்தோடு கூடிய சுகவீன லீவு கிடையாது. கால் முறிந்து படுத்தால் சம்பளமும் அன்றோடு படுத்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இது நடந்தது. அவர் சிட்னியில் வேறொரு தொழிற்சாலையில் வேலை. ஆள் எங்களைப் போல அளவான உடம்பு. ஐந்தடி ஐந்து அங்குலம் இருப்பார். கொஞ்சக் காலம் ஓவர்ரைம் செய்து 200 கிலோவுக்கு மேல் நிறையுள்ள ஒரு பெரிய வண்டியை வாங்கினார். பார்க்க அழகான வண்டி, அதை நான் மறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேராக சொவாலாவுக்கு அப்பால் ரூறொன் ஆற்றுப் பக்கம் போனோம். சொவாலா என்பது 1851 இல் தங்கம் தேடி வந்தவர்கள் உண்டாக்கிய ஊர். பத்தேர்ஸ்ட்டுக்கு வடக்கே இருக்கிறது. ஆற்றங்கரைக்கு இறங்குகிற பாதையில் கல்லுக் கும்பியின் மேல் முன் சில்லு ஏறி வண்டி நின்றது. அவர் காலை ஊன்றப் பார்த்தார். ஊன்றின பக்கம் நிலம் தாழ்வு. கால் எட்டவில்லை. வேகம் என்று ஒன்றுமே இல்லை, நின்ற இடத்திலேயே வண்டி சரிந்து அவருடைய காலுக்கு மேல் விழுந்தது. மற்ற இருவரும் சேர்ந்துதான் தூக்கினோம். முழங்காலுக்குக் கீழே முறிவு. தொலைபேசியில் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. ஒருவர் அவரோடு இருக்க, நான் மேட்டுக்கு ஏறிப் போய்த்தான் அம்புலன்ஸைக் கூப்பிட முடிந்தது. நான்கு மாதம் வேலை இல்லை. காப்புறுதிப் பணம் வந்தது உண்மை. ஆனால் முதல் பணம் கைக்கு வர வாரங்கள் சென்றன. அவர் திரும்பிப் போனபோது அந்த இயந்திரத்தில் வேறு ஆள் நின்றார்.

இதனால் நான் வண்டி தேடத் தொடங்கியபோது என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்தா. "நீங்கள் எதையெண்டாலும் வாங்குங்கோ. விழுந்தால் தனியத் தூக்கக்கூடியதாய் வாங்குங்கோ." நான் வாசித்த மோட்டார் சைக்கிள் புத்தகங்கள் எல்லாவற்றையும் விட இந்த ஒரு வசனம் எனக்கு உதவியது.

ஏனென்றால் அந்தப் புத்தகங்களில் முதலில் வருவது எஞ்சின் எத்தனை சி.சி., எத்தனை குதிரைவலு என்பதுதான். மண் றோட்டில் அவை கடைசிக் கேள்விகள். அங்கே முதல் கேள்வி நிறை. ஊரில் ஒரு சீமெந்துப் பை 50 கிலோ. (இங்கே 20 கிலோப் பைதான். இந்த நாட்டுக்காரருக்கு முதுகின் அருமை தெரியும்.) யமஹா டெனரே 700, கவாசாக்கி கே.எல்.ஆர். 650 இரண்டும் பெற்றோல், எண்ணெய் எல்லாம் சேர்த்து 200 கிலோவைத் தாண்டும். நான்கு சீமெந்துப் பை. என்னுடைய டீ.ஆர். 650 சுமார் 166 கிலோ. மூன்று பையும் கொஞ்சமும். ஹொண்டா சீ.ஆர்.எப். 300 எல் 142 கிலோ. மூன்று பைக்கும் குறைவு. இதற்கு மேல் உங்கள் கூடாரம், தண்ணீர், ஆயுதப்பெட்டி எல்லாம் ஏறும். நான்கு பையையும் மணலில் இருந்து தனியத் தூக்கி நிமிர்த்த முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

தூக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. குனிந்து ஹாண்டிலைப் பிடித்து இழுத்தால் முதுகுதான் போகும். முதலில் எஞ்சினை நிறுத்தி கியரில் விட வேண்டும், அப்போது சில்லு உருளாது. ஸ்ராண்ட் மேல் பக்கமாக இருந்தால் அதை முன்பே விரித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்கிய வண்டி மறுபக்கம் விழுந்துவிடும். ஹாண்டிலை முழுதாக நிலத்துப் பக்கம் திருப்பி, சீற்றில் உங்கள் பின்புறத்தை வைத்துக்கொண்டு, ஒரு கையால் ஹாண்டில் பிடியையும் மற்றக் கையால் பின்னுக்கு இருக்கும் கம்பியையும் பிடித்து, காலால் தள்ளிப் பின்னோக்கிச் சிறு சிறு அடியாக நடக்க வேண்டும். முதுகு நேராக இருக்க வேண்டும், பாரம் காலில் இறங்க வேண்டும். நண்பர் ஒருவரின் வண்டியைப் புல் தரையில் மெதுவாகச் சரித்து வைத்துப் பழகிப் பாருங்கள். பெண்களும் பழகலாம். என் மனைவி என்னுடைய டீ.ஆரை இரண்டாம் முறையிலேயே நிமிர்த்திவிட்டா.

அந்த டீ.ஆர். 650 பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போனால் நன்றி கெட்டவனாவேன். 1996 இல் வந்த அமைப்பு. அதற்குப் பிறகு பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் வருடக் கணக்காக அதையே விற்றார்கள். காபரேற்றர், காற்றாலும் எண்ணெயாலும் குளிரும் எஞ்சின், ரேடியேற்றர் இல்லை, கொம்பியூற்றர் இல்லை. அவுஸ்திரேலியாவில் மூலை முடுக்கெல்லாம் இந்த வண்டி இருப்பதால் பாவித்த உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சமில்லை. என்னோடு வேலை செய்யும் குரோஷியக்காரர் ஒருவர் இருக்கிறார். வயது அறுபதுக்குக் கிட்ட, மூன்று டீ.ஆர். மாற்றிவிட்டார். நான் வேறு வண்டி பார்க்கிறேன் என்றதும் ஒரு கிழமை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

காபரேற்றர் என்றால் எங்கட ஆட்களுக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 1990 இல் பெற்றோலுக்குத் தடை வந்த பிறகு வன்னியில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து ஸ்ரார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 2002 இல் ஏ-9 பாதை திறக்கும்வரை, பள்ளிக்கூடப் பொடியனாக இருந்த எனக்கு அந்தப் புகை மணம்தான் மோட்டார் சைக்கிளின் மணம். வன்னியில் ஓடித் திரிந்த ஹொண்டா எம்.டி. 90 ஐ மறந்திருக்க மாட்டீர்கள். அது யப்பான் நாட்டுத் தபால்காரருக்காகச் செய்யப்பட்ட வண்டி. இங்கே தபால்காரர் பல வருடங்கள் ஓடிய சிவப்பு ஹொண்டா சீ.ரீ. 110 ஐயும் பார்த்திருப்பீர்கள். இரண்டும் 1958 இல் தொடங்கிய சுப்பர் கப் குடும்பத்துப் பிள்ளைகள். நாங்கள் இங்கே வந்து இறங்கிய நாளில் அந்தச் சிவப்பு வண்டியைத் தெருவில் கண்டு "எம்.டி. 90 போகுது" என்று சத்தம் போட்டவர்கள் பலர்.

தோட்டத்துக்குப் போய்வரப் பைக் கேட்டவர்களுக்கு இந்த இடத்திலேயே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் இருந்து தோட்டம் பத்துப் பதினைந்து கிலோமீற்றர், நெடுஞ்சாலை ஏறத் தேவையில்லை என்றால், தபால் சேவை கழித்து விற்ற அந்த சீ.ரீ. 110 போதும். கையால் பிடிக்கும் கிளச் இல்லை, 90 கிலோவுக்குள் நிறை, உதைத்தால் ஸ்ரார்ட் ஆகும், உயரமும் குறைவு. இதில் இந்த நாட்டைக் குறுக்கே கடந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 100 கிலோமீற்றர் வேகத்தில் லொறிகள் ஓடும் பாதையில் இதைக் கொண்டு ஏறாதீர்கள். பண்ணைகளில் ஓடும் யமஹா ஏ.ஜி. 200 இன்னொன்று. இரண்டு பக்கமும் ஸ்ராண்ட், மண் படாதபடி மூடிய செயின், முன்னும் பின்னும் சாமான் கட்டக் கரியர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பண்ணைக்குள் மட்டும் ஓடிய வண்டிகள் பல பதிவு இல்லாமல் விற்கப்படும். பதிவு செய்ய எவ்வளவு செலவாகும் என்பதை விசாரித்த பிறகே விலை பேச வேண்டும்.

இனி என்னுடைய தேவைக்கு வருகிறேன். கிழமை நாட்களில் காலை ஐந்து மணிக்கு முன் வேலைக்குப் போக வேண்டும். மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு காட்டுப் பாதை. வருடத்தில் ஒருமுறை மில்டுறாவில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு. கையில் 6,500 டொலர், அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை.

எல்லோரும் முதலில் கேட்பது தூரத்தைப் பற்றி. ஒருமுறை பெற்றோல் அடித்தால் எவ்வளவு ஓடும்? கே.எல்.ஆரின் தாங்கி 23 லீற்றர், 400 கிலோமீற்றர் தாராளம். டீ.ஆர். 13 லீற்றர், 250 மட்டில். சீ.ஆர்.எப். 300 எல் வெறும் 7.8 லீற்றர். லீற்றருக்கு முப்பது ஓடினாலும் 200 க்கு மேல் நம்பிப் போகக்கூடாது. கடதாசியில் பார்த்தால் ஹொண்டா தோற்றுவிடும். ஆனால் நாங்கள் உண்மையில் எங்கே போகிறோம்? மறீயில் இருந்து பேர்ட்ஸ்வில்லுக்குப் போகும் பாதை 517 கிலோமீற்றர். நடுவில் பெற்றோல் கிடைப்பது மங்கரானி என்ற ஓரிடத்தில், அதற்குப் பிறகு 300 கிலோமீற்றருக்கு மேல் ஒன்றும் இல்லை. அங்கே போகிறவருக்கு 23 லீற்றர் வேண்டும்தான். எங்களில் எத்தனை பேர் பேர்ட்ஸ்வில் போகப் போகிறோம்? சிட்னியைச் சுற்றி லித்கோ, ஓபரன், வட்டகன் காடுகளோ, மெல்பேர்ணைச் சுற்றி ரூலாங்கி, வொம்பற் காடுகளோ, 200 கிலோமீற்றருக்குள் ஒரு பெற்றோல் செட் வந்துவிடும். தூரப் பயணத்துக்கு ஒரு ஐந்து லீற்றர் கலன் கட்டலாம், அல்லது பெரிய தாங்கி வாங்கிப் பூட்டலாம். பாரமான வண்டியை இலேசாக்க ஒரு கடையிலும் சாமான் விற்பதில்லை.

அடுத்தது உயரம். இந்த வண்டிகளின் சீற் இயல்பிலேயே உயரம். டீ.ஆர். 885 மில்லிமீற்றர், சீ.ஆர்.எப். 880. யமஹா எக்ஸ்.ரீ. 250 இல் 810 தான், எங்களுடைய பெண்களுக்கும் உயரம் குறைந்தவர்களுக்கும் அது பொருத்தமான வண்டி. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஹொண்டாவின் ஸ்பிறிங் மென்மையானது, ஏறி இருந்ததும் வண்டி நன்றாகப் பதியும். காலும் நிலத்துக்குக் கிட்ட வரும். டீ.ஆரில் உயரத்தை 40 மில்லிமீற்றர் வரை குறைப்பதற்குத் தொழிற்சாலையிலேயே வசதி வைத்திருக்கிறார்கள். ஆற்றங்கரையில் எங்கள் நண்பருக்கு எட்டாமல் போனதும் இப்படி ஓரிரு அங்குலம்தான்.

ஸ்பிறிங் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் ஒரு வேடிக்கை. சஞ்சிகைகளில் எழுதுபவர்கள் எல்லோரும் இந்த ஹொண்டாவின் ஸ்பிறிங் மென்மை, மென்மை என்று குறை சொல்வார்கள். எழுதுகிறவர்கள் 90, 100 கிலோ ஆட்கள். நான் 64 கிலோ. எனக்கு அது குறையே இல்லை. ஒரு வண்டியைப் பற்றி யார் என்ன சொன்னாலும், சொல்கிறவரின் உடம்பையும் ஒருமுறை பாருங்கள். சீற் ஒடுக்கம், கடினம் என்பது மட்டும் எந்த உடம்புக்கும் உண்மை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கத்தான் வேண்டும்.

பெற்றோலைக் கொம்பியூற்றர் ஊற்றுகிற வண்டி காட்டுக்குள் நின்றால் என்ன செய்வது என்பது எங்கள் ஆட்களின் இன்னொரு பயம். நியாயமான பயம்தான். காபரேற்றர் அடைத்தால் கழற்றி ஊதலாம், பெற்றோல் பம் நின்றால் ஊத முடியாது. ஆனால் கணக்கைப் பார்த்தால் காட்டில் வண்டி நிற்பது பெரும்பாலும் காற்றுப் போய்த்தான். அதில் நாங்கள் இந்த நாட்டவரை விட ஒரு படி மேல். பனர் இரண்டும் நெம்பு இரும்பும் இருந்தால் சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டுப் பழகின கை இன்னும் மறக்காது. முன் சில்லு 21 அங்குலம், ஹொண்டாவின் பின் சில்லு 18. ஒரு 21 அங்குல ரியூப் மட்டும் கொண்டு போனால் போதும், அவசரத்துக்கு அதைப் பின்னுக்கும் மடித்துத் திணித்து வீடு வந்து சேரலாம். மறுபக்கம், அதிகாலை ஐந்து மணிக்கு மழை ஈரத்தில் எம்-4 பாதையில் போகிறவனுக்கு ஏ.பி.எஸ். பிறேக் ஒரு வரம். டீ.ஆரில் அது இல்லை. சீ.ஆர்.எப்பில் உண்டு, மண் இறக்கத்தில் பின் சில்லுக்கு மட்டும் அதை நிறுத்தியும் வைக்கலாம்.

மலிவாகத் தெரியும் ஒரு வகை வண்டியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். கே.ரீ.எம். ஈ.எக்ஸ்.சி., யமஹா டபிள்யூ.ஆர். 450 போன்றவை. நிறை குறைவு, வேகம் அதிகம், இலக்கத் தகடும் இருக்கும், பாவித்தது நல்ல விலைக்கும் வரும். பொடியள் இதைக் கண்டதும் மயங்கிவிடுவார்கள். அவை போட்டிக்காகச் செய்யப்பட்ட எஞ்சின்கள். எண்ணெய் மாற்றுவதைக் கிலோமீற்றரில் அல்ல, மணித்தியாலத்தில் கணக்கிடுவார்கள். வேலைக்குப் போய்வர இவற்றை வைத்திருந்தால், மாதம் முழுக்க எண்ணெய்க் கடையிலேயே நிற்க வேண்டியதுதான்.

புதிதாக லைசென்ஸ் எடுப்பவர்கள் எல்லா வண்டியையும் ஓட முடியாது. நியூ சவுத் வேல்ஸிலும் விக்ரோறியாவிலும் லாம்ஸ் என்ற பட்டியல் உண்டு. 660 சி.சி.க்கு உட்பட்டு, நிறையோடு ஒப்பிட்ட வலுவும் ஓர் அளவுக்குள் இருக்கும் வண்டிகளே அதில் வரும். மேலே சொன்ன டீ.ஆர்., கே.எல்.ஆர்., சீ.ஆர்.எப். மூன்றும் பட்டியலில் உள்ளவை. ஆகவே பழகுகிறவர் 200 கிலோ கே.எல்.ஆரைச் சட்டப்படி வாங்கலாம். சட்டம் வலுவைத்தான் அளக்கிறது, உங்கள் காலின் நீளத்தை அல்ல.

பதிவு விடயத்தில் மிகக் கவனமாக இருங்கள். விக்ரோறியாவின் அரச காடுகளுக்குள் ஓடுவதானாலும் வண்டிக்குப் பதிவும் ஓட்டுபவருக்கு லைசென்ஸும் வேண்டும். "காட்டுக்குள்ளை யார் பாக்கப் போறான்" என்று சிலர் சொல்வார்கள். பொலிஸ் பார்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், விழுந்தால் என்ன? நியூ சவுத் வேல்ஸில் 2023 ஏப்ரல் 1 இல் இருந்து நடந்த விபத்துகளுக்கு, பிழை ஓட்டியவரிலேயே இருந்தாலும் 52 வாரம் வரை வைத்தியச் செலவும் வருமான உதவியும் பச்சைச் சீட்டுக் காப்புறுதியில் கேட்கலாம். காப்புறுதி இல்லாத வண்டியைத் தானே ஓட்டித் தன் பிழையால் விழுந்தவருக்கு அது கிடையாது. விக்ரோறியாவில் இதைப் பார்ப்பது ரீ.ஏ.சி., அதற்குரிய கட்டணம் பதிவுப் பணத்தோடு சேர்ந்தே போகும். எங்கள் நண்பர் அந்த நான்கு மாதமும் வாடகை கட்டியது அவருடைய வண்டிக்குப் பதிவு இருந்தபடியால்தான்.

பாவித்த வண்டி பார்க்கப் போகும்போது சில விடயங்கள். வருவதற்கு முன் ஸ்ரார்ட் பண்ண வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். போனதும் எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிரில் ஸ்ரார்ட் வராத வண்டியாக இருக்கலாம். சில்லுக் கம்பிகளை ஒரு சாவியால் தட்டுங்கள், எல்லாம் ஒரே சத்தம் வர வேண்டும், டொக் என்று கேட்டால் அது தளர்ந்த கம்பி. செயின் பற்சக்கரத்தின் பல் சுறாப் பல்லுப் போல வளைந்திருந்தால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள். முன் குழாய்களில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா பாருங்கள். முன் சில்லை நிலத்தில் இருந்து உயர்த்தி ஹாண்டிலை ஆட்டிப் பாருங்கள். பழைய டீ.ஆர். என்றால் எஞ்சினுக்குள் நியூட்றல் விளக்குக்குரிய இரண்டு சின்ன ஆணிகள் தளர்ந்து விழும் குணம் ஒன்று உண்டு. அதைப் பார்த்து இறுக்கியாயிற்றா என்று கேளுங்கள். கேள்வி விளங்காத சொந்தக்காரர் வண்டியைத் திறந்து பார்த்ததில்லை என்று அர்த்தம்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, சட்டகத்தில் அடித்திருக்கும் இலக்கத்தை எழுதிக்கொண்டு பீ.பீ.எஸ்.ஆர். பதிவேட்டில் தேடுங்கள். 2012 இல் தொடங்கிய மத்திய அரசின் பதிவேடு இது. இரண்டு டொலர்தான் செலவு. வண்டியின் மேல் யாருக்காவது கடன் இருக்கிறதா, களவு போனதா, விபத்தில் கழிக்கப்பட்டதா என்பதெல்லாம் அதில் தெரியும். கடனோடு வாங்கினால் கடன்காரன் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவான். மெல்பேர்ணில் விற்பவர் றோட்வேர்தி பத்திரம் தர வேண்டும். சிட்னியில் ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு வருடா வருடம் பிங்க் சிலிப் வேண்டும், அதை இருவரும் சேர்ந்து கராஜில் எடுத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுப்பது நல்லது.

உடுப்புக்கும் காசை ஒதுக்கி வையுங்கள். எனக்குச் சப்பாத்து, கையுறை, காற்சட்டை, மேலங்கி எல்லாம் 1,100 டொலர் ஆனது. அந்த 6,500 க்குள் இதுவும் அடக்கம். மோட்டோகாப் என்று 2018 இல் ஆரம்பித்த ஒரு திட்டம் இருக்கிறது, உடுப்புகளைப் பரிசோதித்து நட்சத்திரம் போடுகிறார்கள், இலவசமாகப் பார்க்கலாம். விலை கூடியதெல்லாம் நட்சத்திரம் கூடியது அல்ல என்பது அதில் நன்றாகத் தெரியும். சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகிறவர்கள் பீ.எல்.பி. என்ற சிறு கருவியைச் சட்டைப்பைக்குள் வைத்திருக்க வேண்டும். இழுத்துவிட்டால் செய்மதி மூலம் மீட்புக்காரருக்குச் செய்தி போகும். அதை ஆம்சா நிறுவனத்தில் இலவசமாகப் பதிய வேண்டும். வண்டிப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. வண்டி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் கிடக்கும்போது அது உங்களோடு இருக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்துக் கடைசியில் நான் வாங்கியது 2021 ஆம் ஆண்டு சீ.ஆர்.எப். 300 எல். பென்றித்துக்கு அப்பால் ஒரு பெரியவரிடம் 5,300 டொலருக்கு. லாப்ஸ்ரன் ஏற்றத்தில் டீ.ஆரைப் போல முறுக்கியதும் பாயாது, கியரைக் குறைத்து மெதுவாகத்தான் ஏறும். லொறி ஒன்றை முந்துவதானால் இரண்டு முறை யோசிக்க வேண்டும். மில்டுறாப் பயணத்தில் ஒரு நாளுக்குப் பதிலாக ஒன்றரை நாள் எடுத்தேன். வழியில் ஹேயில் ஒரு இரவு தங்கினேன். வருடத்தில் அந்த ஒரு பயணத்துக்காக மற்ற நாட்களெல்லாம் நான்கு சீமெந்துப் பையைக் கட்டி இழுக்க எனக்கு விருப்பமில்லை. ஆறடி உயரமும் புரோக்கன் ஹில் பக்கம் அடிக்கடி போகும் தேவையும் உள்ளவர் என்னிடம் கேட்டால், நல்லதொரு டீ.ஆரைப் பார் என்றே சொல்வேன். குரோஷியக்காரருக்கும் அப்படித்தான் சொல்லிச் சமாதானம் செய்தேன். என் பழைய வண்டியை உதிரிப்பாகத்துக்கு அவரே 700 டொலர் கொடுத்து எடுத்துக்கொண்டார்.

மெல்பேர்ண் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. வூட்ஸ் பொயின்ற், ஜேமிசன், டார்கோ பக்கத்து மலைப் பாதைகள் பல யூன் மாத அரசர் பிறந்தநாள் நீண்ட வார இறுதி முடிந்ததும் மூடப்பட்டு, மெல்பேர்ண் கப் காலத்துக்குச் சற்று முன்புதான் திறக்கப்படும். மூடிய படலையைச் சுற்றிக்கொண்டு போனால் தண்டம். கோடையில் முழுமையான தீத்தடை நாட்களில் பூங்காக்களும் காடுகளும் மூடப்படலாம், போவதற்கு முதல் நாள் பார்த்துவிட்டுப் போங்கள். விடியலிலும் மாலையிலும் கங்காரு பாயும், அந்த இரண்டு நேரமும் மண் றோட்டில் நிற்காமல் இருந்தால் நல்லது.

தகரக் கூரை போல வரிவரியாகக் கிடக்கும் கிறவல் பாதையில் ரயருக்கு எவ்வளவு காற்று விடுவது, எப்படி எழுந்து நின்று ஓடுவது என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன். கிறிபித்தில் ஏ.ஜி. 200 பார்த்து வைத்திருக்கும் தம்பி, அதன் சட்டக இலக்கத்தை எனக்கு அனுப்பி வையுங்கள். இரண்டு டொலரை நானே கட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.